சிரிக்கிறவன் சரியாகிட்டான்னு அர்த்தமா?

"எங்கப்பா பெல்ட்டுக்கு ஃபெட்டீக் டெஸ்ட் பண்ண ஸ்பெசிமனே நான்தான் மச்சி. பத்து வருஷம்! கடைசில பெல்ட்டுதான் அறுந்துச்சு, நான் அறுந்து போகல."

செகண்ட் இயர் படிக்கும்போது ஹாஸ்டல் ரூமில் என் நண்பன் ஒருவன் அடித்த ஜோக் இது. ரூம் முழுக்க மெக்கானிக்கல் பசங்க. விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு யார் புதுசா ரூமுக்கு வந்தாலும், "டேய், அந்த பெல்ட் மேட்டரைச் சொல்லுடா" என்று அவனைக் கேட்போம். அவனும் சலிக்காமல் சொல்லுவான்.

தேர்ட் இயரில் ஒரு நாள் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்தவனிடம் ஜூனியர் ஒருத்தன் அதே ஜோக்கைக் கேட்டான். ஆரம்பித்தான், பாதியில் நிறுத்திவிட்டான். ஜூனியர் போனதும், "இதுல மீதி ஒண்ணு இருக்குடா. அதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல" என்றான்.

அந்த மீதியை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி அன்றிலிருந்து விடவில்லை. இரண்டு வருஷம் அவன் சிரிக்க வைத்தானே, அந்த ஜோக் அவனைத் தாங்கியதா, இல்லை மறைத்ததா? வாங்க, கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

முதலில் நம்ம சிலபஸ்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் 'ரெசிலியன்ஸ்' என்ற வார்த்தையைப் படித்திருப்பீங்க. எலாஸ்டிக் லிமிட்டுக்குள் ஒரு பொருள் வாங்கி வைத்துக்கொள்ளும் ஆற்றல் அது. லோடை எடுத்தால் அந்த ஆற்றல் வெளியே வந்துவிடும், கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். யீல்டு பாயிண்டைத் தாண்டி இழுத்துவிட்டால் கதை வேற. லோடை எடுத்தாலும் கம்பி முழுசாகத் திரும்பாது. அதுதான் பர்மனென்ட் செட்.

இந்த வார்த்தையை மனிதர்களுக்குப் பயன்படுத்தும்போது ஒரு தப்பு செய்கிறோம். "பாரு, ஜாலியா இருக்கான், பழையபடி ஆகிட்டான்" என்கிறோம். அடி, வன்முறை, பாலியல் சீண்டல் எல்லாம் பலருக்கும் யீல்டு பாயிண்டைத் தாண்டிய லோடு. பழையபடி ஆவதை வைத்து அவர்களை அளக்கக் கூடாது. மாறிப்போன வடிவத்தோடு எழுந்து நிற்கிறார்களா, வாழ்கிறார்களா என்பதுதான் அளவு. கம்பிக்கு இல்லாத ஒரு வசதியும் மனிதனுக்கு இருக்கிறது. தனக்கு என்ன நடந்தது என்று அவன் வாய்விட்டுச் சொல்லலாம், நகைச்சுவையாகவும் சொல்லலாம்.

நம்ம ஊர்க் கட்டியங்காரன்

இதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கோடையில் ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் பக்கம் போனால், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அதில் 'துகில்' கூத்து முக்கியமானது. சூதாட்டத்தில் பணயம் வைக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சபை நடுவே இழுத்து வந்து அவமானப்படுத்தும் கதை. வேறு பெயரே வேண்டாம், அது வன்கொடுமைதான்.

அந்தக் கதைக்குள்ளேயே கட்டியங்காரன் என்ற கோமாளி நிற்கிறான். திரைக்குப் பின்னால் ராஜா வந்து நிற்கும்போது, "யாருய்யா நீ?" என்று கேட்பவன் அவன்தான். ராஜா காவிய நடையில் பேசுவார், இவன் பஸ், ரேஷன் கடை, பஞ்சாயத்து என்று நம்ம பேச்சில் பதில் சொல்வான். வேலை பார்ப்பது ராஜாவிடம், பேசுவது ஜனங்களிடம். சபையில் பெரியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கதையில், ராஜாவைக் கிண்டல் செய்ய அனுமதி உள்ள ஒரே ஆள் அவன்.

துகில் உரியும் கட்டம் நெருங்கும்போது சிரிப்பு அடங்கும். பல ஊர்களில் அந்தக் காட்சிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். விடிய விடிய ஜனங்களைத் தூங்காமல் உட்கார வைத்தது சிரிப்பு. ஆனால் எந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பதும் கூத்துக்குத் தெரியும். கதையைப் பாதியில் வெட்டுவதும் இல்லை. தன்னையே தோற்ற ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று திரௌபதி கேட்கிறாள். அவிழ்ந்த கூந்தலைப் படுகளத்தன்றுதான் முடிகிறாள். அவளுக்கு நடந்தது, அவள் கேட்டது, கடைசியில் என்ன ஆனது, எல்லாவற்றையும் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது.

எல்லாக் கட்டியங்காரனும் யோக்கியன் என்று சொல்ல மாட்டேன். பெண்களை மட்டம் தட்டும் பச்சைப் பேச்சும் கூத்தில் உண்டு. பல தலைமுறையாக ஆண்கள் மட்டுமே வேடம் கட்டியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரைனும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்று மேடை ஏறினார்கள். சொல்பவர் மாறினால், எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது என்பதும் மாறும் இல்லையா?

ஏன் சிரிப்பு வருது?

பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஒரு விஷயம் தப்பாகவும் தெரியணும், அதே நேரத்தில் ஆபத்து இல்லாததாகவும் தெரியணும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிரிப்பு வரும். ஆபத்து இன்னும் நடந்துகொண்டிருந்தால் வராது. வலித்ததை ஜோக்காகச் சொல்லும்போது, "இப்ப அது என்னைத் தொட முடியாது" என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார்.

நாஜி முகாமில் அடைபட்டிருந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் தன் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். கட்டுமான வேலையில் கூட இருந்த நண்பரோடு ஓர் ஒப்பந்தம்: தினமும் ஒரு வேடிக்கைக் கதை, அதுவும் விடுதலைக்குப் பிறகு நடக்கப்போவது மாதிரி, கட்டாயம் சொல்ல வேண்டும். முகாமில் சூப் ஊற்றும்போது அடியில் கிடக்கும் பட்டாணிக்காக ஏங்குவார்கள். விடுதலையாகி ஒரு பெரிய வீட்டு விருந்துக்குப் போய், அங்கேயும் "அடியிலிருந்து ஊத்துங்க" என்று கெஞ்சினால் எப்படி இருக்கும் என்பது அதில் ஒரு கதை. மெஸ் சாம்பார் வரிசையில் நிற்கும் நமக்கு இது உடனே புரியும்! ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, 'விடுதலைக்குப் பிறகு' என்ற வார்த்தை. இந்தச் சிரிப்பு, நாளைக்கு நான் இருப்பேன் என்று சொல்லிக்கொள்ளும் சிரிப்பு.

பாதியில் வெட்டிய கதை

மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பியின் 'நானெட்' நிகழ்ச்சி 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தன்னிடம் வம்புக்கு வந்ததை முதலில் காமெடியாகச் சொல்லி அரங்கத்தைச் சிரிக்க வைக்கிறார். பிறகு அதே கதைக்குத் திரும்பி வருகிறார். அந்த ஆள் உண்மையில் தன்னை அடித்துப்போட்டான், ஜோக்காக வேண்டும் என்பதற்காக அந்த முடிவை வெட்டிவிட்டேன் என்கிறார். அரங்கம் அப்படியே உறைந்துபோகிறது.

என் நண்பன் "மீதி ஒண்ணு இருக்கு" என்றது இதைத்தான் என்று பிறகுதான் உறைத்தது. கூத்து கதையை முழுசாகச் சொல்கிறது. எங்கள் ரூமில் சிரிப்பு வந்த இடத்திலேயே கதையை முடித்துக்கொண்டோம்.

"சும்மா தமாஷுக்குத்தான்"

அடித்தவர்களும் இதே சிரிப்பைத்தான் கையில் எடுக்கிறார்கள். ராகிங்கில் மாட்டிய எந்த சீனியரைக் கேட்டாலும், "விளையாட்டுக்குப் பண்ணோம் சார்" என்பார்கள். 1996-ல் சிதம்பரத்தில் ராகிங்கால் ஒரு மருத்துவ மாணவர் கொலை செய்யப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. கேலி செய்வதையும் விளையாட்டு என்ற பெயரில் ஒருவரைப் படுத்துவதையும் அந்தச் சட்டம் ராகிங் என்றே சொல்கிறது. 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கூட படிக்கும் பெண் அழுத போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்குவதும், பொண்டாட்டியை அடிப்பதைக் காமெடி ட்ராக்காக ரசிப்பதும் இதே வகைதான்.

ஆகவே ஒரு ஜோக்கைக் கேட்டால் மூன்று கேள்வி போதும். சொல்வது யார், வலித்தவரா, வலிக்க வைத்தவரா? சிரிப்பு யார் மேல் விழுகிறது, ராஜா மேலா, திரௌபதி மேலா? நிறுத்தணும் என்று தோன்றினால் நிறுத்த அவருக்கு உரிமை இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் நாங்கள் ஃபெயில். ஜோக் அவனுடையது, ஆனால் "சொல்லுடா, சொல்லுடா" என்று கேட்டுக் கேட்டு அதை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

நீங்க என்ன செய்யலாம்?

தனக்கு நடந்த கொடுமையை ஒரு நண்பர் ஜோக்காகச் சொன்னால் சிரிக்கலாம், தப்பில்லை. சிரிக்காமல் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டால் அவர் இன்னும் சுருங்கிப் போவார். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, டீக்கடையிலோ மொட்டை மாடியிலோ, ஒரு வரி கேளுங்க: "அது நிஜமாவே நடந்துச்சாடா? இப்பவும் நடக்குதா?" இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். பதில் வராவிட்டால் தோண்டாதீங்க. "எப்ப வேணாலும் சொல்லு" என்றால் போதும். உங்க அனுபவமாக இருந்தாலும் அப்படித்தான். காமெடியாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆபத்து இன்னும் நடந்துகொண்டிருந்தால் ஜோக் போதாது, ஆள் வேண்டும். பெண்களுக்கு 181, 18 வயதுக்குக் கீழ் 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, ராகிங் புகாருக்கு 1800-180-5522. இந்த நம்பர்களை இப்பவே போனில் சேவ் பண்ணிக்கோங்க.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று என் நண்பனிடம் கேட்டேன். "பேரைப் போடாத. ஜோக்கை மட்டும் போடு. காப்பிரைட் என்னுது" என்றான்.

அந்த ஜோக்கை இப்போது நாங்கள் யாரும் கேட்பதில்லை. அவனுக்குத் தோன்றும்போது அவனே சொல்கிறான். சில நாள் மீதியையும் சேர்த்து.