முட்டி வலிக்கு நரம்புச் சிகிச்சை: யாருக்குப் பலன், எவ்வளவு காலம்?

"மாடிப்படி ஏற முடியல. தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல. ராத்திரி திரும்பிப் படுத்தாக்கூட வலிக்குது." எலும்பு மருத்துவப் பிரிவுக்கு வரும் முதியவர்கள், அதிலும் பெண்கள், அடிக்கடி சொல்லும் குறை இது. சிலருக்கு வலி மாத்திரை சாப்பிட்டே வயிறு கெட்டுவிடுகிறது. சிலருக்கு ஆபரேஷன் என்றாலே பயம். இன்னும் சிலருக்கு இதயக் கோளாறு போன்ற காரணங்களால் டாக்டரே ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். இவர்களுக்காக உள்ள ஒரு வழியைப் பற்றியது இந்தப் பாடம். முட்டியிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் குறிவைக்கும் சிகிச்சை அது.

வலி எங்கிருந்து வருகிறது?

மூட்டுத் தேய்மானத்தில் தேய்வது குருத்தெலும்பு. ஆனால் குருத்தெலும்புக்குள் நரம்பு கிடையாது. அது தேயத் தேய, அடியில் உள்ள எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் சவ்வும் பாதிக்கப்படுகின்றன. வலி அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்பவை முட்டியைச் சுற்றி ஓடும் மெல்லிய ஜெனிகுலர் நரம்புகள். அவற்றில் மூன்றைத்தான் வழக்கமாகக் குறிவைப்பார்கள்: மேல்புறத்தில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் உள்ள இரண்டு, கீழ்ப்புறத்தில் உள்பக்கம் உள்ள ஒன்று. கீழ்ப்புற வெளிப்பக்கத்தைப் பொதுவாகத் தொடுவதில்லை. பாதத்தைத் தூக்க உதவும் முக்கிய நரம்பு அதன் அருகில் போகிறது.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை வலியின் செய்தியை நிறுத்துகிறது; தேய்ந்த குருத்தெலும்பை வளர்ப்பதில்லை. "குருத்தெலும்பே வளர்ந்துடும்"னு யாராவது சொன்னா, நம்பிப் பணம் கட்டாதீங்க.

முதலில் சோதனை ஊசி

எடுத்த எடுப்பில் நரம்பைச் சுடுவதில்லை. முதலில் அந்த நரம்புகளின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் சிறிதளவு போட்டுப் பார்ப்பார்கள். அதன் பலன் சில மணி நேரம்தான். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் சோதனை வீணாகிவிடும். டாக்டர் அனுமதித்தால், அந்த நேரத்திலேயே துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், நான்கு படி ஏறிப் பாருங்கள், நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். ஊசிக்கு முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், பின் எத்தனை என்று குறித்து வையுங்கள். பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். குறையவில்லை என்றால் வலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம், இடுப்பிலிருந்தோ முதுகுத்தண்டிலிருந்தோ வரலாம்.

நரம்பைச் சுடுவது எப்படி?

கிராமங்களில் தோலின் மேல் சூடு போடும் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது புண்ணையும் சீழையும்தான் தரும். இங்கே தோலை மரக்க வைத்து, எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி மெல்லிய ஊசியை நரம்பருகே செலுத்துவார்கள். அதன் நுனியில் ரேடியோ அலை மின்சாரம் பாயும்போது சுமார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் உண்டாகும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். நீர் ஓடிக் குளிர வைக்கும் ஊசியும் உண்டு. அது இன்னும் அகலமான இடத்தைச் சுடும். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

பலன் எவ்வளவு?

2011இல் கொரிய மருத்துவர்கள் 38 முதியவர்களிடம் செய்த ஆய்வுதான் இந்த முறையைப் பரவலாகத் தெரிய வைத்தது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 151 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குளிர் ஊசி முறையில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்கு வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் அது 16 சதவீதம். அதாவது, நரம்புச் சிகிச்சையிலும் நாலில் ஒருவருக்கு அந்த அளவுப் பலன் இல்லை. பலன் வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இருக்கும். பிறகு நரம்பு மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். அப்போது சிகிச்சையைத் திரும்பச் செய்யலாம். இதைச் செய்துகொண்டவர் பின்னாளில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்ளத் தடையில்லை.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

• இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால்
• ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் (நீங்களாக நிறுத்தவும் கூடாது)
• முட்டியிலோ தோலிலோ சீழ், புண் இருந்தால்
• சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை இருந்தால்

சில நாள் வலி, ரத்தம் கட்டுதல், தோல் மரத்தல் வரலாம். காய்ச்சலுடன் முட்டி சிவந்து வீங்கினாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புதுச்சேரியில் எப்படிக் கேட்பது?

இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர், இவற்றில் உங்களுக்கு வசதியான இடத்தில் முதலில் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். வலிக்கான இத்தகைய சிகிச்சைகளைப் பெரும்பாலும் மயக்கவியல் துறை மருத்துவர்கள் செய்வார்கள். அதனால், "ஜெனிகுலர் நரம்புச் சிகிச்சை எனக்குப் பொருந்துமா, எந்தப் பிரிவில், எந்தக் கிழமையில் பார்க்கணும்?" என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு கையில் இருக்கட்டும்.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் இதை வழங்கும் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் இது உள்நோயாளிச் சிகிச்சைக்கான காப்பீடு. இந்தச் சிகிச்சையோ பெரும்பாலும் ஒரே நாளில் முடிவது. எனவே தனியார் மருத்துவமனை என்றால், பணம் கட்டும் முன்பே "இது திட்டத்தில் வருமா?" என்று காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள். 14555 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம்.

வலி குறைந்த மாதங்களில்

வலி இருக்கும்போது நடக்க முடியாது. நடக்காவிட்டால் தொடைத் தசை மெலிந்து முட்டிக்குப் பாரம் கூடும். சிகிச்சை தரும் வலியில்லாத மாதங்களில் இந்தச் சுழற்சியை உடைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினம் இரண்டு வேளை. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடாது. முதலில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். இதைச் செய்யாமல் சும்மா இருந்தால், நரம்பு வளர்ந்து வலி திரும்பும்போது தசை முன்பைவிட மெலிந்திருக்கும்.