ஏட்டுச் சுரைக்காயும் எங்க ஊர் ரேஷன் கடையும்



நம் சுவர்ப் பத்திரிகையில் இதுவரை நான் விடுகதையும் பொது அறிவுத் துளிகளும்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை கம்ப்யூட்டர் சார், "பாடம் மாதிரி ஒன்று எழுதுடா" என்று சொல்லிவிட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'அரசாங்கத் தகவலும் பொதுமக்களும்'. கேட்டதும் எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்க அப்பத்தாவால் இந்தப் பாடம் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பத்தாவின் காலிப் பை

எங்க வீட்டில் ரேஷன் கடைக்குப் போவது அப்பத்தாதான். அந்த மாதம் மூன்று முறை போயும் துவரம் பருப்பு கிடைக்கவில்லை. "இன்னும் வரலையாம்", "வந்து தீந்து போச்சாம்", "அடுத்த வாரம் வரச் சொன்னாக" என்று மூன்று பதில்கள். ரேஷனில் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளிக்கடையில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மூன்றாவது தடவை வெறும் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "பருப்ப எவன் திங்கிறானோ" என்றது அப்பத்தா. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு கடையிலும் என்ன பொருள் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் சார் வகுப்பில் சொல்லியிருந்தார். அண்ணனுடைய போனை வாங்கி மாவட்டம், வட்டம், கடை என்று வரிசையாகத் தேடினேன். எங்க ஊர்க் கடை வந்தது. துவரம் பருப்புக்கு நேரே 500 கிலோ என்று இருந்தது!

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடம்.

திறந்த தரவு என்றால் என்ன?

அரசாங்கம் தினமும் கணக்கு எழுதுகிறது. எவ்வளவு மழை பெய்தது, அணையில் எத்தனை அடி தண்ணீர், எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை அரிசி, எந்தச் சாலைக்கு எவ்வளவு பணம். எல்லாம் நம் வரிப்பணத்தில் எழுதப்படும் கணக்குகள். இவற்றை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம், எடுக்கலாம், வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டால் அதற்குத் 'திறந்த தரவு' என்று பெயர்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கம்ப்யூட்டர் அதைப் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒரு பட்டியலைப் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டால் நம் கண்ணுக்குத் தெரியும். கூட்டவோ வரிசைப்படுத்தவோ முடியாது. கட்டங்கள் போட்ட அட்டவணையாகக் கொடுத்தால் நொடியில் கூட்டலாம், தேடலாம். இப்படிப்பட்ட அட்டவணைகளை ஒரே இடத்தில் தருவதற்காக மத்திய அரசு 2012-ல் ஒரு கொள்கை வகுத்து, தனி இணையதளமும் தொடங்கியது.

முக்கியமாகக் கவனிக்க: பொதுத் தகவல் வேறு, சொந்தத் தகவல் வேறு. கடையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பது ஊருக்கே தெரிய வேண்டியது. அடுத்த வீட்டுக்காரரின் போன் நம்பர் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஊர் நடுவில் வாசித்த கணக்கு

இந்தத் தகவல்கள் தானாக நம் கைக்கு வந்துவிடவில்லை. கேட்டு, போராடி வாங்கியவை. அதில் பெரும்பங்கு ராஜஸ்தான் மாநிலத்து ஏழை மக்களுடையது.

அங்கே 1990-ல், இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பு தொடங்கியது. தொழிலாளர் விவசாயி சக்தி அமைப்பு என்று பொருள். தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் நம் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். 2000-ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர்.

வறட்சி நிவாரண வேலைக்குப் போன கூலியாட்கள் சட்டப்படியான கூலியைக் கேட்டார்கள். "நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. "அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றால், "அது ரகசியம்" என்றார்கள்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற கிராமத்தில் முதல் மக்கள் விசாரணைக் கூட்டம் நடந்தது. எப்படியோ கிடைத்த கணக்குகளை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். 'இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார்' என்று வாசிக்க வாசிக்க, கூட்டத்திலிருந்தவர்கள் எழுந்து, அது உண்மையா பொய்யா என்று சாட்சி சொன்னார்கள். இப்படி நடந்த கூட்டங்களில் செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது தெரியவந்தது. கட்டாத கட்டடங்களுக்குக் கணக்கு இருந்தது.

நண்பர்களே, கவனியுங்கள். கம்ப்யூட்டர் இல்லை, போன் இல்லை. காகிதத்தில் இருந்ததை ஊர் கேட்க வாசித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காகிதமும் அந்த மக்களும் அதுவரை ஒரே இடத்தில் சந்தித்ததே இல்லை!

'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் முழக்கம். 1996-ல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தார்கள். இதற்கிடையில் தமிழ்நாடு 1997-லேயே தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ஆனது. பிறகு நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே அரசு அலுவலகங்கள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. திறந்த தரவுக்கு நம் நாட்டில் இதுதான் ஆணிவேர்.

கருவி என்ன செய்கிறது?

தகவல் மலைபோல் இருந்தால் மட்டும் போதாது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஏட்டில் இருப்பதைச் சமையலுக்குக் கொண்டுவரும் அரிவாள்மனைதான் இந்த டிஜிட்டல் கருவிகள். இரண்டு உதாரணம் பார்ப்போம்.

1) ஜன் சூச்னா: ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பர் 13-ல் தொடங்கிய இணையதளம். ரேஷன், ஓய்வூதியம் என்று பல துறைகளின் விவரங்களையும் தன் பஞ்சாயத்து, தன் வார்டு என்று தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். 1994-ல் ரகசியம் என்று சொன்ன அதே மாதிரிக் கணக்குகள், 25 வருடம் கழித்து விரல் நுனியில் வந்தன.

2) மைநேதா: தேர்தலில் நிற்பவர்கள் தங்கள் சொத்து, படிப்பு, தங்கள் மேல் உள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது, அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கிய ஏ.டி.ஆர். என்ற அமைப்பு. தொகுதிக்குப் பத்து இருபது பேர் நின்றால், ஆளுக்குப் பல பக்கம் பிரமாணப் பத்திரம். யார் உட்கார்ந்து படிப்பது? அதையெல்லாம் அட்டவணையாக்கி, தொகுதிப் பெயரைத் தட்டினால் தெரியும்படி அந்த அமைப்பு செய்துவைத்தது. தகவல் பழையதுதான். தேடும் வசதிதான் புதிது.

ஆக, ஒரு நல்ல கருவிக்கு இலக்கணம் மூன்று: நம் ஊர் அளவுக்குச் சுருக்கிக் காட்ட வேண்டும். படிக்காதவருக்கும் புரிய வேண்டும். எந்தத் தேதியின் கணக்கு என்று சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் செய்த தப்பு

இப்போது கடைக்கு வருவோம். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். நான் போனைத் தூக்கிக் காட்டி, "பருப்பு 500 கிலோ இருக்குன்னு போட்டிருக்கு, இல்லேங்கிறீங்க, எங்க போச்சு?" என்று சத்தமாகக் கேட்டேன். வரிசையே கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தது. ஒருத்தர், "நல்லாக் கேளுடா தம்பி" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைக்காரர் பதில் பேசவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பருப்பு அடுக்கும் இடத்தில் வெறும் சாக்குதான் கிடந்தது. "கிட்டங்கியில பில்லு போட்டாச்சு தம்பி. லாரி இன்னும் வரல. சாயங்காலம் வந்து நீயே பாரு" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

சாயங்காலம் போனேன். லாரி நின்றது. பத்து மூட்டை, தலா 50 கிலோ. எண்ணிப் பார்த்தேன். 500 கிலோ சரியாக இருந்தது.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பதை எத்தனை தடவை கட்டுரையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றேன். "என்கிட்ட சொன்னா போதுமா? முப்பது பேரு முன்னாடில்ல கேட்ட" என்றார். மறுநாள் காலையில் வரிசையில் நின்றவர்கள் முன்னால் மறுபடி சொன்னேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இருந்திருக்காது.

சரி, அவர் திருடவில்லை. அப்படியானால் அப்பத்தாவுக்கு ஏன் பருப்பு கிடைக்கவில்லை? கேள்வி அப்படியே இருந்தது. ஒரு பழைய நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்: தேதி, போனில் காட்டும் இருப்பு, கடையில் நேரில் பார்த்த இருப்பு, வித்தியாசம். ஒரு மாதம் தினமும் எழுதினேன். கடைக்காரரே இரண்டு நாள் கழித்து, "வாப்பா கணக்குப்பிள்ள" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மாதக் கடைசியில் விடை தெரிந்தது. கடை வாசல் பலகையில் இருந்த அட்டைகள் 870. வந்த பருப்பு 500 கிலோ. அட்டைக்கு ஒரு கிலோ. நான்கே நாளில் தீர்ந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குதான்: 370 அட்டைக்குப் பருப்பே இல்லை. முதல் நான்கு நாளில் வரிசையில் நிற்கத் தெம்பு இல்லாதவர்களுக்குத்தான் அது இல்லாமல் போனது. எங்க அப்பத்தா மாதிரி ஆட்களுக்கு.

"நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான் தம்பி. இந்த நோட்ட எடுத்துக்கிட்டுப் போ" என்றார் கடைக்காரர். தாலுகாவில் சனிக்கிழமை நடந்த குறைதீர் முகாமுக்கு நானும் அப்பாவும் போய் மனு கொடுத்தோம். நோட்டை வாங்கிப் புரட்டிய அதிகாரி, "யார் எழுதினது?" என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாவது லோடு வந்தது. அப்பத்தா பருப்போடு வந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டாவது லோடு வரவில்லை. மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். நோட்டும் தொடர்கிறது.

நாம் செய்யக்கூடியது

1. உங்கள் ஊர்க் கடையின் இருப்பை இணையதளத்தில் பாருங்கள். தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. நேரில் போய் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள்.
3. ஒரு நாள் கணக்கை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு மாதமாவது எழுதுங்கள்.
4. தெரிந்ததைப் போன் இல்லாதவர்களுக்கும் சொல்லுங்கள்.

நான்காவதற்கு ஒரு யோசனை. ராஜஸ்தானில் சில பஞ்சாயத்துகளில், 100 நாள் வேலையில் யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்று ஊர்ச் சுவரிலேயே பெயிண்டில் எழுதிவைத்தார்கள். நம்மிடமும் ஒரு சுவர் இருக்கிறதே! நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தச் சுவர்ப் பத்திரிகையின் வலது ஓரத்தில் ஒரு சாண் இடம் கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் சார் சம்மதித்துவிட்டார். வரும் திங்கள் முதல், நம் பள்ளிக்குப் பிள்ளைகள் வரும் ஐந்து ஊர்க் கடைகளின் இருப்பும் தேதியோடு அங்கே எழுதப்படும். படித்துவிட்டுப் போய் வீட்டில் ஆத்தாவிடமோ அப்பத்தாவிடமோ சொல்லுங்கள்.

ஊருக்கு ஒரு ஆள் எழுதுவதற்கு வேண்டும். எங்க ஊருக்கு நான் இருக்கிறேன். மீதி நான்கு ஊருக்கு யார்? பெயர் கொடுக்க விரும்புவோர் மதிய இடைவேளையில் என்னைப் பார்க்கவும். நோட்டு இலவசம்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்!

1. பட்டியலின் போட்டோவுக்கும் அட்டவணைக்கும் என்ன வித்தியாசம்?
2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு என்ன சொல்கிறது?
3. கடையில் நான் செய்த தப்பு என்ன? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் எழுதுபவரின் பதில் அடுத்த இதழில் இடம்பெறும்.



இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்
(ஊரில் இப்போது 'கணக்குப்பிள்ளை')