வெயிலில் தள்ளாடுவோரை அறிந்துகொள்ளல்



“இராமநாதபுரத்துப் பொட்டல் வெயிலைக் கண்டவர்களுக்கு இந்நாட்டு வெயில் எம்மாத்திரம்?” என்று நம்மவர்கள் கல்லாவிலிருந்தபடியே பேசிக்கொள்வதுண்டு. நாமும் அவ்வாறே பேசி வந்தோம். அது பிழையான எண்ணமாகும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் ஆகிய நம் ஊர்களோ கடலையும் ஆற்றையும் நெல்வயலையும் ஒட்டியவை. காற்றில் ஈரம் மிகுதி. சட்டை நனையுமேயன்றி வியர்வை உலராது. செம்பனைத் தோட்டத்தில் நிழல் உண்டே எனலாம். நிழல் உண்டு, காற்றோட்டம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாத நண்பகலில், தோட்டத்தில் குலை ஏற்றும் வங்காள தேசத்துச் சகோதரர் ஒருவர் தள்ளாடி வந்து நமது கடை ஐந்தடியில் சாய்ந்தார். பெயரைக் கேட்டோம், ஏதோ குழறினார். குடித்துவிட்டார் என்றெண்ணி, எழுந்து போகும்படி அதட்டினோம். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அம்மா வந்து தொட்டுப் பார்த்து, “சாராய வாடையே இல்லையே பாய், உடம்பு நெருப்பாய்க் கொதிக்குதே” என்றார். அதன் பின்புதான் குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தே இதனை எழுதுகின்றோம்.

வெயிலால் முதலில் வருவது சோர்வு. வியர்வை கொட்டும், தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு உண்டாகும். ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். இவரை நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தேறாவிடில் கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது நிலையே உயிரைக் கொண்டுபோவது. டாக்டர்கள் இதனை ஹீட் ஸ்ட்ரோக் என்பர். உடற்சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறிப் புத்தி தடுமாறும். பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், சிலருக்கு வலிப்பும் வரும். தோல் உலர்ந்திருந்தால்தான் இந்நோய் என்று பலர் சொல்வர். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை வழியும்போதே இது வருவதுண்டு. ஆகவே தோலைப் பார்த்து ஏமாறாமல் பேச்சைப் பாருங்கள். உடனே 999க்குப் போன் செய்து, வண்டி வரும் வரை காத்திராமல் சட்டையைக் கழற்றித் தண்ணீரை விடாமல் ஊற்றி விசிற வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வைக்கலாம். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, புரையேறும். பானடால் இச்சூட்டைத் தணிக்காது. அரசாங்க மருத்துவமனைகள் தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணத்திலும் இருக்கின்றன. உள்தோட்டங்களிலிருந்து அவை தூரம். குழாயும் ஐஸ் பெட்டியும் உள்ள இடம் பெரும்பாலும் நம் கடையே.

2024 பிப்ரவரியில் பகாங்கில் 22 வயது வாலிபர் ஒருவர் இதனால் மவ்த்தானார். அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் அனுமதியின்றிச் சென்று, ஒதுங்க இடமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். நம் வானிலை இலாகா, வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே எச்சரிக்கை விடுகின்றது.

நோன்பாளி மயங்கினால் தண்ணீர் கொடுக்கலாமா என்று சிலர் தயங்குகின்றனர். 2023 முதல் 2025 வரை ரமலான் இவ்வெயில் மாதத்திலேயே வந்தமையால் இக்கேள்வி அடிக்கடி எழுந்தது. நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் ஆயத்துகளில் அனுமதி உண்டு. தண்ணீரை உடம்பில் ஊற்றுவதால் நோன்பு முறியவும் செய்யாது.

நமது சிப்பந்திகளையும் கவனிக்க வேண்டும். தகரக் கூரைக் கிடங்கு பகல் 12 மணிக்கு அடுப்பாகிவிடும். ஊரிலிருந்து புதிதாய் வந்த பையனுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை பாதி வேலையே கொடுக்கின்றோம். அரிசி மூட்டை இறக்குவதையும் காலை 10 மணிக்கு முன்பாக மாற்றிக்கொண்டோம். லோரிக்காரர் முதல் மாதம் முணுமுணுத்தார். இப்போது அவரே 8 மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறார்.