தட்டணிக்கு ஏற்ற வன்தட்டுக்களைத் தெரிதல்

பழைய சஞ்சிகைகள், நிழற்படங்கள், ஏட்டுப் பிரதிகள் ஆகியவற்றை வருடிக் கணினியிற் சேமிக்கும் நற்பணி இன்று பலராலும் மேற்கொள்ளப்படுகின்றது. சேமித்தல் எளிது, சேமித்ததைக் காத்தலே அரிது. பல்லாயிரம் பக்கங்களைத் தாங்கிய வன்தட்டொன்று முன்னறிவிப்பின்றிச் செயலிழத்தல் கூடும். அவ்விழப்பைத் தாங்கும்பொருட்டு அமைக்கப்படுவதே 'றெயிட்' எனப்படும் தட்டணியாம். அதற்கு எத்தகைய தட்டுக்கள் ஏற்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்டும் 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கிற்று. பின்னர் தட்டுக்கள் சிறுத்தன, விலையும் குறைந்தது. விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றினும் மலிவான சிறுதட்டுக்கள் பல சேர்ந்த அணியே மேலானது என்னுங் கருத்தைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவரும் 1988இல் வெளியிட்டனர். இவ்வணியைத் தனி அட்டையின் துணையின்றி இயக்கமுறைமையே நடத்துமாயின் அது மென்பொருட்டட்டணி எனப்படும். லினக்சில் இவ்வசதி உண்டு. கணினி பழுதுற்றாலும் தட்டுக்களைப் பிறிதொரு லினக்ஸ் கணினியிற் பூட்டி அணியை மீட்டல் இதன் சிறப்பாம்.

முதலாவதாக நோக்கற்பாலது அளவு. அணியிலுள்ள மிகச் சிறிய தட்டின் அளவே ஏனையவற்றுக்கும் எல்லையாகும். 4 டெராபைற் தட்டுக்கள் நான்கினை ஐந்தாம் வகை அணியாக்கின் 12 டெராபைற் கிடைக்கும். ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். ஆறாம் வகையாக்கின் 8 டெராபைற்றே கிடைக்கும். இரு தட்டுக்களின் இழப்பைத் தாங்கும். ஒரே அளவு எனப் பெயரிடப்பட்ட தட்டுக்களும் சிற்சில கூறுகளால் வேறுபடுதல் உண்டு. பின்னர் வாங்குந் தட்டு இம்மியளவு குறையினும் அணி அதனை ஏலாது. ஆகவே ஒவ்வொரு தட்டின் இறுதியிலும் சிறிது இடத்தை ஒதுக்கிவிடுதல் நன்று.

இரண்டாவது, எழுதும் முறை. சில தட்டுக்களிலே தடங்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதப்படுகின்றன. நடுவிலுள்ள ஓட்டை மாற்றப் புகுவோன் அடுத்துள்ள ஓடுகளையும் அசைக்க வேண்டுமன்றோ? அவ்வாறே இத்தட்டுக்களும் மாற்றி எழுதுங்கால் மிகவும் தாமதிக்கும். பழுதுற்ற தட்டிற்குப் பதிலாகப் புதியதொன்றை இட்டு அணியைப் புதுப்பிக்கும்போது இத்தாமதம் பேரிடராகும். வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம் அணிக்கென விற்ற 'றெட்' வரிசையின் சில தட்டுக்களிலும் இம்முறையைக் கையாண்டமை 2020இல் வெளிப்பட்டது. அதன்பின் படியா முறைத் தட்டுக்கள் 'றெட் பிளஸ்' எனத் தனிப் பெயர் பெற்றன. எனவே பெயரை நம்பி வாங்காது, மாதிரி எண்ணைக் கொண்டு எழுதும் முறையை அறிந்தபின்னரே வாங்குக.

மூன்றாவது, பிழை நேர்ந்தவிடத்துத் தட்டு நடந்துகொள்ளும் வகை. வீட்டுக் கணினித் தட்டு, படிக்கவியலாத இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று இரண்டு நிமிடமளவும் மௌனமாயிருத்தல் கூடும். லினக்சோ இயல்பாக 30 செக்கன்களே பொறுக்கும். அதன்மேல், நல்ல தட்டையும் இறந்ததெனக் கருதி அணியினின்றும் நீக்கிவிடும். அணிக்கென ஆக்கப்பட்ட தட்டு ஏறக்குறைய 7 செக்கன்களிற் பிழையை அறிவிக்கும். அணி ஏனைய தட்டுக்களிலிருந்து அப்பகுதியை மீட்டு எழுதிக்கொள்ளும். இவ்வசதியற்ற தட்டைப் பயன்படுத்த நேரின், லினக்சின் பொறுமைக் காலத்தை 180 செக்கன்களாக உயர்த்துதல் வேண்டும்.

நான்காவது, புதுப்பிக்குங் காலத்தின் ஆபத்து. 8 டெராபைற் தட்டொன்றைச் செக்கனுக்கு 200 மெகாபைற் வீதம் நிரப்பப் பதினொரு மணித்தியாலங்கள் செல்லும். சாதாரண தட்டுக்களில், நூறு இலட்சம் கோடி பிற்றுக்களுக்கு ஒன்றுக்கு மேற்படாத படிப்புப் பிழையே நேரும் என ஆக்கியோர் குறிப்பர். அஃதாவது 12.5 டெராபைற்றுக்கு ஒன்று. அத்தகைய நான்கு தட்டுக்களையுடைய ஐந்தாம் வகை அணியைப் புதுப்பிக்க எஞ்சிய மூன்றிலிருந்தும் 24 டெராபைற் படிக்கவேண்டும். பல தட்டுக்கள் குறிப்பினும் நன்றாகவே உழைக்கும். எனினும் பெருந்தட்டுக்களுக்கு ஆறாம் வகையோ இரட்டைப் பிரதி வகையோ தக்கது என்பதே எமது துணிபு.

ஐந்தாவது, வாங்கும் வகை. ஏறத்தாழ ஓர் இலட்சம் தட்டுக்களை ஆராய்ந்து ஸ்ரோடர், கிப்சன் என்போர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு நூற்றுக்கு 0.88க்கு மேற் பழுதுறா எனக் குறிக்கப்பட்ட தட்டுக்கள் நடைமுறையில் நூற்றுக்கு 2 முதல் 4 வரை மாற்றப்படுதல் சாதாரணம் எனக் காணப்பட்டது. ஆகவே ஆக்கியோன் கூற்றினும் உத்தரவாதக் காலத்தை நோக்குக. ஒரே தொகுதியிற் பிறந்த தட்டுக்கள் ஒரே குறையை உடையனவாயிருத்தல் கூடுமாதலின், வெவ்வேறு தொகுதிகளிலிருந்து வாங்குக. வாங்கியவற்றை அணியிற் சேர்க்குமுன் முழுமையாகச் சோதிக்க. சேர்த்தபின் மாதந்தோறும் அணி முழுவதையும் படித்துப் பார்க்கச் செய்க.

இத்துணையும் செய்தபின்னரும் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. தட்டணி, தட்டின் பழுதினின்றும் காக்குமேயன்றித் தவறாக அழித்தலினின்றும், களவினின்றும், நெருப்பினின்றும் காவாது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் அடங்கும். ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருள், எத்துணை உறுதியான பேழையில் இருப்பினும், ஓரிடத்தில் மட்டுமே உள்ளது. ஆதலின் நல்ல தட்டுக்களைத் தெரிந்து அணியமைப்போர், பிறிதோர் ஊரில் மற்றொரு பிரதியையும் வைப்பாராக. முன்னோர் நமக்குத் தந்ததைப் பின்னோர்க்குக் குறைவின்றி ஒப்படைத்தல் நம் கடனன்றோ?