ஜன்னலோரமா, நடைவழியா?

சென்னையிலிருந்து டெல்லி போகும் ஏர்பஸ் ஏ320-இல் வரிசைக்கு ஆறு இருக்கை. ஏ, எஃப் ஜன்னலோரம். சி, டி நடைவழி. அடிக்கடி எழுந்து போகிறவர் என்றால் நடைவழியைப் பிடியுங்கள். தூங்குமூஞ்சிகளுக்கு ஜன்னல்தான், வழிவிடச் சொல்லி யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். காலையில் வடக்கே போனால் வெயில் எஃப் பக்கம் அடிக்கும்.

குலுங்கினால் பயமா? இறக்கையை ஒட்டிய வரிசைகளில் ஆட்டம் குறைவு. (வேடிக்கை பார்க்க இறக்கை மட்டும்தான்!) அவசர வழி வரிசையில் காலை நீட்டலாம்; ஆனால் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், கைக்குழந்தையோடு வந்தால் அந்த இடமே கிடைக்காது.

கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் இருக்கை சாயாது. கழிப்பறைக்கு நிற்பவர்கள் தோளை உரசிக்கொண்டே இருப்பார்கள்.

தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் என்ற சின்ன விமானம் வேறு கதை. நடு இருக்கையே கிடையாது. கதவு பின்னால் இருப்பதால் பின்வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்.