சண்டை மீனுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?



ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ரயில் பாதையே இல்லாத கேம்பல் பேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற ஆண்டு என் பேத்திக்காக ஒரு சண்டை மீன் வந்து சேர்ந்தது. 'பீட்டா' என்றும் 'ஃபைட்டர்' என்றும் சொல்வார்களே, அதுதான். சென்னை கொளத்தூரில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கடல் கடந்து பிழைத்து வந்த அந்த மீன், நான் கொடுத்த இரண்டு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

"தாத்தா, அதுக்கு மூச்சு முட்டிடுச்சா?" என்று பேத்தி கேட்டாள். பாலங்களுக்கு நீர்வழி கணக்கிட்ட எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்வது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு ஒன்று இதற்கு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும். ஆகவே சின்ன பாட்டிலிலும் உடனே சாகாது. இதைப் பார்த்துத்தான் நாம் ஏமாந்துபோகிறோம். வயலில் நீர் ஆழம் குறைவுதான். ஆனால் பரப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்!

பேத்தியின் மீனைக் கொன்றது மூச்சுத் திணறல் அல்ல, கழிவு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதே அளவு கழிவு 20 லிட்டரில் கலப்பதைவிட 2 லிட்டரில் கலந்தால் நஞ்சின் செறிவு பத்து மடங்கு. குறைந்த நீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். இம்மீனுக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ்.

எனவே ஒரு மீனுக்கு 20 லிட்டர் நீராவது வேண்டும். கணக்கு எளிது: நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத் தொட்டியில் 20 செ.மீ. உயரம் நீர் நிரப்பினால் சரியாக 20 லிட்டர். அந்த நீரே 20 கிலோ. ஆகவே உறுதியான மேசை தேவை. உயர்ந்த தொட்டியைவிட நீண்ட தொட்டியே நல்லது. மேலே சில செ.மீ. காற்றிடம் விட்டு மூடியும் போடுங்கள். இது துள்ளும் மீன்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சி. குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழைநீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அதை மட்டும் ஊற்றாமல் கிணற்று நீருடன் கலப்பது நல்லது.

தொட்டி பெரிதென்று இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விடாதீர்கள். பெயருக்கேற்பச் சண்டையிட்டு மடியும். அலுத்துவிட்டது என்று ஓடையில் விடுவதும் கூடாது. பெரிய நிக்கோபார் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட தீவு. வெளியூர் மீன் இங்குள்ள ஓடை மீன்களுக்கு இடையூறாகலாம்.

சிறுவர்களுக்கு ஒரு கணக்கு: நீளம் 45 செ.மீ., அகலம் 30 செ.மீ., நீரின் உயரம் 24 செ.மீ. எத்தனை லிட்டர்? விடை 32.4. என் பேத்தி இதை நொடியில் போட்டுவிட்டாள். அவளுடைய புதிய தொட்டியின் அளவு அதுதான். இந்த முறை தொட்டியைத் தயார் செய்த பிறகே மீனுக்குச் சொல்லி அனுப்பினோம்.