ஆழ்கடல் உயிரியும் அதன் காரணப்பெயரும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக் கற்பது தமிழ் மாணவர்க்குத் தொடக்கப் பாடம். மரம் என்பது இடுகுறி. பறப்பதனால் பறவை என்பது காரணம். இப்பாகுபாட்டை வகுப்பறைக்கு வெளியே கொண்டு சென்று, கடலின் அடியில் வாழும் சிற்றுயிர் ஒன்றின் பெயரோடு பொருத்திப் பார்க்க விழைகின்றோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வுயிருக்கு ஆய்வாளர் சூட்டிய பெயர் 'யூரித்தெனீஸ் பிளாஸ்டிகஸ்' என்பதாகும். கேட்ட அளவிலேயே காரணம் விளங்குகின்றது. அக்காரணம் மனித இனத்திற்குப் பெருமை தருவதன்று.

முதற்கண் உயிரை அறிவோம். நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகளில் 'ஆம்பிப்போடா' என்னும் வரிசையைச் சேர்ந்தது இது. தொல்காப்பிய மரபியல் நண்டினை நாலறிவுயிராக வைத்தமையை நாம் அறிவோம். அந்நண்டிற்கு இது தொலைவுறவு. உருவில் இறாலை ஒத்தது. நீளம் சில செ.மீ. மட்டுமே. உடல் பக்கவாட்டில் ஒடுங்கி வளைந்திருக்கும். கண்கள் காம்பின்றித் தலையோடு ஒட்டியிருக்கும். மார்புப் பகுதியில் ஏழு இணைக் கால்கள். அவற்றுள் முன்னிரண்டு இணைகள் இரையைப் பற்றுதற்கு உரியன. கடற்கரையில் ஒதுங்கிய பாசியைப் புரட்டினால் துள்ளி ஓடும் சிற்றுயிர்களும் இவ்வரிசையினவே.

ஆழ்கடலில் யூரித்தெனீஸ் இனத்தார் துப்புரவாளர். மேலிருந்து இறந்து வீழும் உடல்களை மோப்பத்தால் அறிந்து விரைந்து கூடித் தின்று தீர்ப்பர். தாய் தன் முட்டைகளை வயிற்றுப்புறப் பையில் சுமந்து அங்கேயே பொரிக்கும். நீரில் மிதந்து நெடுந்தொலைவு பரவும் இளம்பருவம் இவற்றிற்கு இல்லை. ஆகவே ஓரிடத்துக் கூட்டம் பிறிதோர் இடத்துக் கூட்டத்தினின்று பிரிந்து, காலப்போக்கில் வேறோர் இனமாக மாறுதற்கு வாய்ப்பு மிகுதி.

பசிபிக் பெருங்கடலின் மேற்கே, குவாம் தீவின் அருகே அமைந்தது மரியானா அகழி. 2014இல் அங்கே இரை வைத்த பொறிகள் அடித்தளத்திற்கு இறக்கப்பட்டன. ஏறத்தாழ 6,000 முதல் 7,000 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் இவ்வுயிர்கள் அகப்பட்டன. கதிரொளி எட்டாத இடம் அது. கடல்மட்டத்தில் நம்மீது படியும் காற்றழுத்தத்தைப் போல அறுநூறு மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தம் உடையது. பிடிபட்டது 2014இல், பெயர் பெற்றது 2020இல். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என வினவலாம்.

இங்கேதான் பெயரிடும் பணியின் அருமை புலனாகின்றது. இவ்வினத்தின் மூத்த உறவாகிய 'யூரித்தெனீஸ் கிரில்லஸ்' 1822இல் விவரிக்கப்பட்டது. கிரில்லஸ் எனில் இலத்தீனில் சிள்வண்டு போன்ற பூச்சியைக் குறிக்கும். பின்னர் பல பெருங்கடல்களிலும் அகப்பட்ட, ஏறத்தாழ ஒத்த தோற்றமுடைய உயிர்கள் பெரும்பாலும் அப்பெயராலேயே வழங்கப்பட்டன. ஒரு சொல் பல பொருள் என்பதுபோல ஒரு பெயருள் பல இனங்கள் மறைந்திருந்தன. மரபணு ஆய்வு அண்மைக் காலத்தில் அதனை வெளிப்படுத்திற்று.

எனவே புதிய இனம் என்று கூறுவோர் வேற்றுமையை நிறுவியாதல் வேண்டும். உயிரியின் கால்களையும் வாயுறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து வரைதல் வேண்டும். உடலின் பக்கத்தட்டு எவ்வடிவினது, முள் எத்தனை, நகம் எவ்வளவு வளைந்தது என்று உறவினங்களோடு ஒப்பிடுதல் வேண்டும். சுவடி பதிப்பிப்போர் பாடவேறுபாடு குறிக்கும் பொறுமையே இதற்கும் வேண்டப்படுவது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜொஹானா வெஸ்டனும் குழுவினரும் இதனைச் செய்தனர். இரு மரபணுப் பகுதிகளின் சான்றினையும் உடன் வைத்தனர். இத்தகைய ஆய்வில் ஓர் உடல் மூலமாதிரியாகத் தேர்ந்து பேணப்படும். பிற்காலத்தில் ஐயம் எழின், பெயருக்குரிய பொருள் இதுவே என்று காட்டுவது அவ்வுடலேயாகும்.

இளம் உயிரி ஒன்றின் பின்குடலில் ஓர் இழை காணப்பட்டது. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆய்ந்தபோது, அது குடிநீர்ப் புட்டிகளும் பாலியெஸ்டர் ஆடைகளும் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்னும் பொருளோடு 83.74 விழுக்காடு ஒத்திருந்தது. இவ்வுயிர் இவ்வுலகில் உண்டு என்று நாம் அறியுமுன்னரே நம் கழிவு அதன் குடலைச் சென்றடைந்துவிட்டது.

ஓர் உயிரியில் கிடைத்த ஓர் இழைக்காக இனம் முழுமைக்கும் இப்பெயர் தகுமா என்று ஒருவர் தடை எழுப்பலாம். தடை நேர்மையானதே. பிளாஸ்டிக் இவ்வினத்தின் இயல்பன்று. இதற்கு மட்டும் உரியதுமன்று. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு ஆழ்கடல் அகழிகளிலிருந்து எடுத்த 90 ஆம்பிப்போடாக்களுள் 65இன் குடலில் செயற்கைத் துகள்களைக் கண்டது. ஆயின் பெயரிட்டோர் நோக்கம் உயிரியின் இயல்பைக் கூறுவதன்று, அதற்கு நேர்ந்ததைப் பதிவு செய்வதே. அவ்வகையில் பெயர் பொருந்துவதாகவே நாம் கருதுகின்றோம்.

இதற்கு மாறான பெயரீடும் உண்டு. தென்னமெரிக்காவின் அட்டகாமா அகழியில் 7,902 மீட்டர் ஆழத்தில் கிடைத்த, ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுள்ள வேட்டை உயிர் ஒன்று 2024இல் 'டல்சிபெல்லா கமன்சாகா' எனப் பெயர் பெற்றது. ஆந்தீசு மலைநாட்டு மக்களின் மொழிகளில் கமன்சாகா என்பது இருள். வாழிடத்தால் வந்த காரணப்பெயர் அது.

காரணம் நீங்கினால் பெயரும் நீங்குமோ என்னும் வினா எஞ்சுகின்றது. விலங்கியல் பெயரீட்டு விதி அதற்கு இடம் தருவதில்லை. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ளுதல் ஆகாது. கால் அகற்றிய தோல்களாகவே ஐரோப்பாவை அடைந்த சொர்க்கப் பறவை ஒன்றிற்கு லின்னேயஸ் 1758இல் 'அபோடா', அதாவது காலற்றது, என்று பெயரிட்டார். அப்பறவைக்கு நல்ல கால்கள் இரண்டு உண்டு. ஆயினும் இன்றளவும் அதன் பெயர் அபோடாவே. மரியானாவின் அடித்தளம் என்றேனும் தூய்மையுற்றாலும், அங்கு வாழும் இச்சிற்றுயிர் பிளாஸ்டிகஸ் என்றே அழைக்கப்படும்.